சிரிப்புக்கு நான் எழுதிய பொருள்

தொழிலுக்கு வந்த புதிதில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். கொழுந்துக் கூடைகளுடன் மூன்று பெண்கள் சிரித்த முகமாகப் படத்துக்கு நின்றார்கள். 'உழைப்பில் பூத்த மகிழ்ச்சி' என்று அப்படத்துக்கு நான் எழுதிய குறிப்பு பத்திரிகையில் வெளிவந்தது. ஆசிரியரும் பாராட்டினார்.

சில மாதங்களின் பின் அதே தோட்டத்துக்குப் போனேன். லயத்துச் சுவர் ஒன்றில் அந்தப் படம் ஒட்டப்பட்டிருந்தது. படத்திலிருந்த பெண்களுள் ஒருவரின் வீடு அது. குறிப்பை மகன் வாசித்துக் காட்டியதாகச் சொன்னார். பிறகு, சற்றும் கோபமின்றி, "அன்னைக்கு எங்களுக்கு அரைப்பேருதான் போட்டாங்க ஐயா. தொர பக்கத்துல நின்னாரு. சிரிக்காம வேற என்ன செய்யிறது?" என்றார்.

அரைப்பேர் என்றால் அரைநாட் சம்பளம். குறித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் கிடைப்பது. துரை அகன்றபின் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததே போதும் என்றிருந்துவிட்டேன்.

பிறர் மனத்தை அறிவது கூர்மையான சிலருக்கு வாய்த்த திறமை என்று நினைக்கிறோம். அது யார் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது என்பதே மலையகம் எனக்குக் கற்பித்த பாடம். அதிகாலையில் பிரட்டுக்களத்தில் நிற்கும் தொழிலாளி, துரையின் நடையைக் கொண்டே அன்றைய பொழுதைக் கணித்துவிடுவார். கணக்கப்பிள்ளையின் குரலில் எது மிரட்டல், எது வெறுஞ்சத்தம் என்று பிரித்தறிவார். தவறாகக் கணித்தால் நட்டம் அவருக்கே. தொழிலாளியின் மனத்தைத் துரை தவறாக அறிந்தாலோ துரைக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் இளந்துரைமாருக்குத் தமிழ் பழக்க வெளியான கைந்நூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதுதான். யார் யாரை அழைப்பது என்பது அப்பெயரிலேயே தெரிகிறது.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலின் 71ஆம் அதிகாரம், 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்பதற்கு அடுத்து வருவது. கீழிருப்பவர் மேலிருப்பவரின் குறிப்பை அறிவது. காமத்துப்பாலின் 110ஆம் அதிகாரத்திலோ, அன்புடையவரின் கண்ணை அன்புடையவர் அறிகிறார். ஒன்றில் தேவை, மற்றொன்றில் அன்பு. இவ்விரண்டும் இல்லாதவர் ஊகத்தோடு நின்றுவிடுகிறார்.

அத்தகைய ஊகம் அரசாணையாகும்போது என்ன நேரும் என்பதை மலையக மக்கள் அனுபவித்திருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு என்று ஒப்பந்தம் செய்தார்கள். எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அம்மக்களிடம் எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. விண்ணப்பம் கோரியபோதோ, இலங்கைக்கென ஒதுக்கிய தொகையைவிட மிக அதிகமானோர் இலங்கைப் பிரஜாவுரிமையையே கேட்டார்கள். அவர்களது மனம் இந்தியாவில் இருக்கிறது என்ற கணிப்புப் பொய்த்தது. ஆயினும் ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே நின்றது, இலட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள்.

முகம் பொய் சொல்லாது என்பாருண்டு. 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு சில உளவியலாளரும் முகபாவம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, முகபாவத்தை மட்டும் கொண்டு ஒருவரின் உணர்ச்சியை நம்பகமாகக் கூற இயலாது என்று முடிவு செய்தார்கள். சூழல் தெரியவேண்டும். பக்கத்தில் துரை நிற்பதும் சூழல்தான்.

தேயிலைப் பொதிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் அந்தச் சிரிப்பை இன்றும் காண்கிறேன். அதற்குப் பொருள் எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது பெரிய காரியமன்று. துரை இல்லாத இடத்தில், அவருடைய மொழியில், பதிலுக்குக் காத்திருந்து கேட்கவேண்டும், அவ்வளவே.

பத்திரிகையில் திருத்தம் போடுவதாக அப்பெண்ணிடம் அன்று சொன்னேன். போடவில்லை. முப்பது ஆண்டு தாமதித்து வரும் அத்திருத்தம் இதுதான்: படத்தில் இருந்தவர்கள் மகிழ்ச்சியாக இருக்கவில்லை.