விருந்தினரா, வாடிக்கையாளரா? கோலாலம்பூரின் பல்லினப் பண்பாடும் பிறநாட்டு மாணவரும்

ஆசிய நகரங்களுள் பல்லினப் பண்பாட்டின் உறைவிடம் எனப் பெரிதும் விதந்து பேசப்படுவது கோலாலம்பூர். 1873 இல் தோன்றிய மகா மாரியம்மன் கோவிலும், அதன் அயலிலேயே சீனரின் குவான் தி கோவிலும், சில தெருக்கள் தாண்டி ஜமேக் பள்ளிவாசலும் அமைந்திருப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். 'மலேசியா, உண்மையான ஆசியா' என்னும் சுற்றுலா முழக்கம் 1999 முதல் உலகெங்கும் ஒலித்து வந்துள்ளது. ஆயின் பண்பாட்டுப் பன்மை என்பது காட்சிப்பொருளா, வாழ்க்கை நெறியா என்னும் வினாவுக்கு மூன்று நாள் தங்கிச் செல்லும் சுற்றுலாப் பயணி விடையளித்தல் இயலாது. அந்நகரில் மூன்று நான்கு ஆண்டுகள் வீடு தேடி, ரயிலேறி, சமைத்து, கற்று வாழும் பிறநாட்டு மாணவரின் அன்றாட வாழ்க்கையே அதற்கு உண்மையான உரைகல்லாகும்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. நள்ளிரவு கடந்தும் திறந்திருக்கும் 'மாமாக்' கடையொன்றில் யேமனியரும் வங்காளதேசத்தவரும் சீனரும் நைஜீரியரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து ரொட்டியும் இழுத்து ஆற்றிய தேநீரும் அருந்துவர். எவரையும் எவரும் இனம் வினவுவதில்லை. புக்கிட் பிந்தாங்கில் அரபு உணவகங்களும் கோத்தா ராயாவின் சுற்றுப்புறத்தில் வங்காளதேச, நேபாளக் கடைகளும் பெருகியுள்ளன. தாயகத்தின் சுவையை நாடும் மாணவருக்கு இவை பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. எனினும் இம்மேசையின் சமத்துவம் எத்தகையது? காசு கொடுத்தோர் எவரும் அமரலாம். உண்டு முடிந்ததும் எழுந்து செல்ல வேண்டும். இது அங்காடியின் சமத்துவமேயன்றி, அயலவரின் சமத்துவம் அன்று.

அம்மேசையிலிருந்து எழுந்த மாணவர் வாடகை வீடு தேடப் புறப்படும்போது அந்நகரின் மற்றொரு முகம் வெளிப்படுகின்றது. இன்ன இனத்தவருக்கு மட்டும் எனவும், இன்னாருக்கு இல்லை எனவும் வெளிப்படையாக அறிவிக்கும் வீட்டு விளம்பரங்கள் அங்கு அரியன அல்ல. தொலைபேசியில் இனிமையாகப் பேசிய தரகர், பேசுபவர் ஆபிரிக்கர் என அறிந்த மறுகணமே வீடு போய்விட்டதென்பார். வீடு கிடைத்தவிடத்தும் இரண்டு மாத வாடகை வைப்புப் பணமாகவும், அரை மாத வாடகை நீர் மின்சாரக் கட்டணங்களுக்கான பிணையாகவும், முதல் மாத வாடகை முற்பணமாகவும் ஒருங்கே கோரப்படுவது வழக்கம். கல்விக் கட்டணத்துக்கே காணியை ஈடுவைத்த பெற்றோரின் பிள்ளைக்கு இது எத்துணைப் பெருஞ்சுமை என விளக்க வேண்டுவதில்லை.

சட்டம் இவருக்குத் துணை நிற்கின்றதா? மலேசியக் கூட்டாட்சி அரசியலமைப்பின் 8 ஆம் உறுப்புரை எல்லாரும் சட்டத்தின் முன் சமம் எனத் தொடங்குகின்றது. ஆனால் சமயம், இனம், வமிசம், பிறப்பிடம், பால் என்பவற்றைக் காரணமாகக் கொண்டு பாரபட்சம் காட்டலாகாது எனத் திட்டவட்டமாகக் கூறும் அதன் இரண்டாம் பிரிவு 'குடிமக்கள்' என்னும் சொல்லால் எல்லையிடப்பட்டுள்ளது. இனப் பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்பதில்லை என 2018 நவம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. அம்முடிவைக் கொண்டாடி அவ்வாண்டு டிசம்பர் 8 ஆம் நாள் கோலாலம்பூரின் சுதந்திரச் சதுக்கத்திலே பெருங்கூட்டம் திரண்டது. பன்மையைப் பறைசாற்றும் நகரம் பாரபட்சத்துக்கு எதிரான உறுதிமொழியை மறுத்ததைக் கொண்டாடியமை எத்துணை முரண்!

இம்முரண்பாட்டின் வேரை அறிய வரலாற்றை நோக்குதல் அவசியம். 1969 மே 13 இல் வெடித்த இனக்கலவரத்தின் பின்னர், 1971 இல் புதிய பொருளாதாரக் கொள்கை வகுக்கப்பட்டது. அதனையொட்டி அரசாங்கப் பல்கலைக்கழக அனுமதியில் இன ஒதுக்கீடு இடம்பெற்றது. அதனால் வாயில் அடைபட்ட சீன, இந்திய மாணவரை நாடித் தனியார் கல்லூரிகள் வளர்ந்தன. 1996 இல் நிறைவேற்றப்பட்ட தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் அவற்றுக்குப் புதிய வலுவூட்டியது. 1997 இன் நாணய நெருக்கடி கல்வியை ஏற்றுமதிப் பண்டமாகக் கருதும் நோக்கை விரைவுபடுத்தியது. 1998 இல் முதலாவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளை திறக்கப்பட்டது. 2015 இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம் 2025 அளவில் 250,000 பிறநாட்டு மாணவரைச் சேர்த்தலை இலக்காகக் குறித்தது. உள்நாட்டில் ஒரு சாராருக்கு மூடப்பட்ட கதவே பிறநாட்டாருக்குத் திறக்கப்பட்ட கதவின் தோற்றுவாயாயிற்று. மாணவர் இங்கு தொகையாக எண்ணப்படுகின்றாரேயன்றி மனிதராக எண்ணப்படவில்லை.

2012 இல் நிறுவப்பட்ட 'எஜுகேஷன் மலேசியா குளோபல் சேர்விசஸ்' என்னும் அமைப்பின் தன்மையே இதற்குச் சான்று. மலேசியக் கல்வியை உலகெங்கும் விளம்பரப்படுத்துவதும், மாணவர் விசா விண்ணப்பங்களைக் கையாளுவதும் அவ்வோர் அமைப்பின் பணிகளே. கூவி அழைப்பவரும் வாயில் காப்பவரும் ஒருவரே! வந்திறங்கிய மாணவர் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அனுமதியைப் புதுப்பிக்க 80 வீத வரவு வேண்டும். குறித்த புள்ளிச் சராசரியும் வேண்டும். தவணைக் காலத்தில் வேலை செய்தல் ஆகாது. ஏழு நாட்களுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேற்படாமல், உணவகம், எரிபொருள் நிலையம், சிறு அங்காடி, ஹோட்டல் ஆகிய இடங்களிலே வேலை செய்யலாம் என்பது விதி. வாடகையோ விடுமுறையில் மட்டும் வருவதன்று.

விதி என்பது தாளில் எழுதப்பட்டதோடு முடிவதில்லை. 2019 ஜூலையில், பல்கலைக்கழகமொன்றிற் பதிவுபெற்றுக் கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்றுவந்த நைஜீரிய மாணவரொருவர் குடிவரவுத் தடுப்பு முகாமிலே உயிரிழந்தார். ஆய்வேட்டுடன் ஊர் திரும்ப வேண்டியவர் பிரேதமாகத் திரும்பினார். தோலின் நிறமே ஐயத்துக்குப் போதிய சான்றாகும் சூழலில், பையிலுள்ள அனுமதிப் பத்திரம் எவ்வளவு பாதுகாப்பளிக்கும்?

இவற்றுக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்கள் சிலவுள. மாணவர் என்ற பெயரில் வந்து வேறு தொழில் புரிவோர் உளர் என்பது ஒன்று. உளர், ஆனால் சிலரது குற்றத்துக்காக ஒரு கண்டத்தையே குற்றவாளியாக்குவது நீதியாகாது. அத்தகையோரைச் சேர்த்துக் கட்டணம் பெற்ற நிறுவனங்களும் விசாரிக்கப்பட வேண்டியனவே. பிறநாட்டு மாணவர் தம்முள்ளேயே கூடி வாழ்கின்றனர், பிறரோடு கலப்பதில்லை என்பது மற்றொன்று. வீடு மறுக்கப்பட்டவர் தம்மவர் வீட்டிலன்றி வேறெங்கே ஒதுங்குவர்? விளைவைக் காரணமாகக் காட்டும் வாதம் இது. உள்நாட்டு இந்தியருக்கே வீடு மறுக்கப்படுகையில் அந்நியர் முறையிடுவதேன் என வினவுவோரும் உளர். இருவரும் நிற்பது ஒரே கதவின் முன் என்பதே இதற்கு விடை. ஒருவருக்கு அது திறக்கும் நாளே மற்றவருக்கும் திறக்கும் நாள்.

இங்கு தமிழரும் தம்மை வினவிக்கொள்ள வேண்டியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா சென்று புகையிரதத் திணைக்களத்திலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞராக அமர்ந்தோர் பலர். பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோவில் இன்றும் நிலைத்துள்ளது. அவர்களும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்திறங்கிய அந்நியரே. ஆயினும் ஆபிரிக்கரைச் சுட்டும் 'காப்பிலி' என்னும் இழிசொல் ஈழத்திலும் மலேசியாவிலும் தமிழர் நாவில் இன்னும் வழங்குகின்றது. வீடு மறுக்கப்பட்டபோது வருந்தியவரே, தமக்கு வீடு வாய்த்தபின் பிறருக்கு மறுப்பதும் உண்டு. 'யாதும் ஊரே' என மேடையில் முழங்கும் இனம் வாடகைப் பத்திரத்தில் அதனை மறந்துவிடுதல் தகுமோ?

பல்கலைக்கழகம் கட்டணம் பெறும் நாளோடு தன் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. தான் அழைத்த மாணவருக்கு முதலாண்டேனும் உறைவிடம் வழங்குதலும், அவர் தடுத்து வைக்கப்படின் உடன் சென்று உறுதிப்படுத்துதலும் அதன் பொறுப்பாதல் வேண்டும். வாடகையில் இனப் பாரபட்சத்தைத் தடைசெய்யும் சட்டம் குடிமகன், அந்நியன் என்ற வேறுபாடின்றி இயற்றப்படல் வேண்டும். மாணவர் சங்கங்கள் நாடுவாரியாக உணவுத் திருவிழா நடத்துவதோடு அமையாது, வீடு மறுக்கப்பட்டவருக்காகக் குரலெழுப்புதல் வேண்டும்.

கோவில்கள் அருகருகே நிற்பதனால் மட்டும் ஒரு நகரம் பல்லின நகரமாகிவிடாது. நள்ளிரவில் மாமாக் கடையிலிருந்து எழுந்து செல்லும் நைஜீரிய மாணவருக்கு, அச்சமின்றித் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்கும் நாளிலேயே கோலாலம்பூர் அப்பெயருக்கு உரித்துடையதாகும். அதுவரை அவர் அந்நகரின் விருந்தினரல்லர், வாடிக்கையாளரே.