அலைவரிசையில் காலனியின் பெயர்

பண்பலை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைக்கும் நேயரிடம் அறிவிப்பாளர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். உங்கள் பெயர் என்ன? எங்கிருந்து பேசுகிறீர்கள்? மற்றவர்களுக்கு இவை சாதாரணக் கேள்விகள். காலனியிலிருந்து பேசும் நம் பிள்ளைகளில் பலர் இரண்டாவது கேள்விக்குப் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். இருக்கும் இடத்தைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்கிற தயக்கம். உள்ளூர் வானொலிக்கும் நேயருக்கும் இருக்கும் உறவைப் பற்றிப் பேசுவதென்றால், இந்தத் தயக்கத்திலிருந்துதான் பேச வேண்டும்.

வானொலி எப்போதுமே பெயர் சொல்லி உறவு வளர்த்த ஊடகம். இலங்கை வானொலியில் தன் பெயர் வாசிக்கப்படாதா என்று காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. நேயர் கடிதம், பிறந்தநாள் வாழ்த்து, விரும்பிக் கேட்ட பாடல் என்று அந்த உறவு வளர்ந்தது. அது பொய்யான உறவு அல்ல. ஆனால், அதில் நேயரின் வேலை கேட்பது மட்டும்தான். எதைப் பேசுவது, எந்த மொழியில் பேசுவது, யார் பேசுவது என்பதையெல்லாம் நிலையமே முடிவுசெய்தது. பல கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ ஊர்ப்பக்கத்தில்தான் இருந்தது. அதைக் கேட்கக்கூட சேரிக்காரர்கள் தள்ளி நிற்க வேண்டியிருந்தது.

இதை மாற்றிக் காட்டிய இடம் ஒன்று தெலங்கானாவில் இருக்கிறது. ஜஹீராபாத் பகுதியில் உள்ள மாச்சனூர் கிராமத்தின் ‘சங்கம் ரேடியோ’. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் கிராமப் பெண்கள் சங்கங்களில் இணைந்திருந்த, பெரும்பாலும் தலித்துகளான ஏழைப் பெண்களின் வானொலி அது. 2008 அக்டோபர் 15 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. நிலையத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றவர்கள் இரண்டு தலித் பெண்கள். இருவர் பெயரும் நரசம்மா.

ஒலிபரப்பு தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. யுனெஸ்கோ உதவியுடன் ஒலிப்பதிவுக்கூடம் 1990களின் இறுதியிலேயே தயாராகிவிட்டது. அரசின் உரிமம்தான் கிடைக்கவில்லை. அவர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. நிகழ்ச்சிகளை கேசட்டில் பதிவுசெய்து, கிராமச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். விதை பாதுகாப்பு, சிறுதானிய விவசாயம், கைமருந்து, வயல்வேலைப் பாட்டு என எல்லாமே அவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள். பேசியது தங்கள் வட்டாரத் தெலுங்கு. உரிமம் வந்தபோது நேயர்களைத் தேடி அலைய வேண்டிய தேவை இல்லை. கேட்பவர்களும் பேசியவர்களும் ஏற்கெனவே ஒரே ஆட்களாக இருந்தார்கள். காட்டுவேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு ஏற்றபடி மாலை வேளையில் ஒலிபரப்பு அமைந்தது.

அந்த நிலையத்தைத் திறந்துவைத்தவர் நீதிபதி பி.பி. சாவந்த். வானலைகள் பொதுமக்களின் சொத்து, அரசுக்கோ தனியாருக்கோ அவை ஏகபோகம் அல்ல என்று 1995-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வில் இருந்தவர் அவர். பொதுக்கிணறும் பொதுப்பாதையும் எப்படியோ, வானலையும் அப்படித்தான். கிணற்றுக்கும் பாதைக்கும் போராடிய நாம் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தோம்?

தீர்ப்பு வந்தாலும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக வானொலி தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி 2006 இறுதியில்தான் வந்தது. இதன் விளைவைத் தமிழகத்தில் இன்றும் பார்க்கலாம். இங்குள்ள சமுதாய வானொலிகள் பலவும் கல்லூரி வளாகங்களுக்குள் இருக்கின்றன. நல்ல நிகழ்ச்சிகள் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால், சேரி அங்கே பெரும்பாலும் ‘விழிப்புணர்வு’ பெற வேண்டிய இடமாகவே வருகிறது. கை கழுவுவது எப்படி என்று நமக்குச் சொல்வார்கள். கழுவத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று நாம் சொல்ல மைக் வராது.

வேறு மாதிரி நடக்க முடியாதா? முடியும். பாம்பனில் 2016-ல் தொடங்கிய ‘கடல் ஓசை’, மீனவர்களுக்காக அவர்கள் பேச்சிலேயே கடலையும் காற்றையும் தொழிலையும் பேசுகிறது. உழைக்கும் மக்களின் பேச்சு வானொலிக்கு ஏற்றதல்ல என்கிற வாதம் அங்கே உடைந்துபோயிற்று.

மத்திய அரசு 2024-ல் திருத்திய வழிகாட்டு நெறிமுறைகள் நமக்கு ஒரு பிடி தருகின்றன. சமுதாய வானொலியின் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும். ஆலோசனைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். ‘உள்ளூர் மக்கள்’ என்ற சொல்லுக்குள் காலனியும் இருக்கிறதா என்பதை நாம் கேட்டால்தான் தெரியும்.

தடைகளும் உண்டு. இந்த நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அதனால், பக்கத்து ஊரில் நடந்த வன்கொடுமை செய்தியாக வராது. வருமானத்துக்கு விளம்பரத்தை நம்பும் சிறு நிலையம், உள்ளூர்ப் பெரிய மனிதர்களைப் பகைக்கவும் தயங்கும். ஆனால், 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று பேசுவதற்குத் தடை இல்லை. 14566 என்ற உதவி எண்ணைச் சொல்வதற்கும், பஞ்சமி நிலம் என்றால் என்ன என்று ஒரு முதியவர் விளக்குவதற்கும், கல்வி உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு மாணவி சொல்வதற்கும் தடை இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியில் வானொலி இருந்தால் நிகழ்ச்சிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை குரல்கள் காலனியிலிருந்து வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆலோசனைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வானொலி இல்லாவிட்டால் உங்கள் கைப்பேசி இருக்கிறது. நடவுப்பாட்டு தெரிந்த பாட்டி, பறை அடிக்கும் தாத்தா, நூறு நாள் வேலைக்குக் கூலி வராமல் அலையும் அக்கா ஆகியோரின் பேச்சை அவர்கள் சம்மதத்துடன் பதிவுசெய்யுங்கள். தெருவிலேயே போட்டுக் கேளுங்கள். மாச்சனூர் பெண்களும் கேசட்டிலிருந்துதான் தொடங்கினார்கள்.

தன் தெருவின் குரல் தினமும் வானொலியில் கேட்கிற பிள்ளை, “எங்கிருந்து பேசுகிறீர்கள்?” என்று கேட்டால் டவுன் பெயருக்குப் பின்னால் ஒளிய மாட்டாள். காலனியின் பெயரையே சொல்வாள்.