மருமகள் மீது மட்டும் பழி ஏன்?

வலியசாலை அக்ரகாரத்திலும் சரி, சாலைக் கடைத்தெருவை ஒட்டி வாழும் மற்றத் தமிழர் வீடுகளிலும் சரி, வரன் பேச்சு எழுந்ததும் முதலில் வரும் கேள்வி, "சொந்தத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்பதுதான். அத்தை மகன், மாமன் மகள், சில சமூகங்களில் அக்காள் மகள். ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்குச் சொந்தம் ஒரு தெம்பு. தெரிந்த வீட்டில் பெண்ணைக் கொடுத்தோம் என்ற நிம்மதியும் உண்டு. இதை மூடப் பழக்கம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நான் தயாரில்லை.

ஆனால், அப்படி ஒரு வீட்டில் பிறந்த குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தவுடன் நடப்பது என்ன? கிரகணத்தன்று வெளியே வந்தாள், அவள் ஜாதக தோஷம் என்று எல்லாப் பழியும் மருமகள் தலையில் விழுகிறது. இது அநியாயம். கணக்குப்படியும் தவறு.

அந்தக் கணக்கு குமாஸ்தாக்களுக்கு எளிதில் புரியும். நம் உடலை நடத்தும் குறிப்புகளான ஜீன்கள் பெரும்பாலும் இரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒரு பிரதியில் எழுத்து அழிந்திருந்தாலும் மற்றதை வைத்து வேலை நடந்துவிடும் குறிப்புகள் பல. அதனால் பழுதைச் சுமப்பவருக்கே அது தெரியாது. கணவன், மனைவி இருவரும் ஒரே ஜீனில் பழுதைச் சுமந்து, இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்குக் குறை. அதற்கு ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு நாலில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று சொல்வதற்கில்லை. இதில் தகப்பன் பங்கு சரிபாதி!

1866-ல் பாதிரியார் மெண்டல் வெளியிட்ட பட்டாணி ஆராய்ச்சி காட்டியதும் இதைத்தான். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். மறைந்திருந்தது அழிந்துவிடவில்லை.

கோத்திரம் பார்த்துத்தானே செய்கிறோம் என்பார்கள். கோத்திரம் தந்தை வழியை மட்டுமே பார்க்கிறது. ஜீன் இரு வழியிலும் வருகிறது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் ஜீன்களில் சராசரியாக அரைக்கால் பங்கு பொது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் கால் பங்கு. உறவில்லாத இருவர் மணந்தால், இருவருக்கும் ஒரே ஜீனில் பழுது இருப்பது அபூர்வம். மனிதருக்கு மனிதர் உள்ள வேற்றுமை இப்படியும் பயன்படுகிறது.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். மாமன், அத்தை மக்கள் மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நல்லபடியாகவே பிறக்கின்றன. காது கேளாமைக்கு கர்ப்பத்தில் வரும் ருபெல்லா, பிறந்தவுடன் வரும் கடும் மஞ்சள் காமாலை போன்ற காரணங்களும் உண்டு.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், வழக்கம் உள்ள இடங்களில் இத்திருமணங்களை அனுமதிக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவிகிதம் பேர் உறவில் மணந்தவர்கள்; கேரளத்தில் 5 சதவிகிதத்துக்கும் குறைவு. இத்தனைக்கும் மலையாளிகளுக்கு இது அன்னியமான வழக்கமல்ல. 1965-ல் 'முறப்பெண்ணு' என்றே அவர்கள் படம் எடுத்தார்கள்!

ஜாதகம் பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அத்துடன் இரு வீட்டாரும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் இரு குடும்பத்திலும் பிறவியிலேயே காது, கண் குறை உள்ளவர் உண்டா? குழந்தைகள் அடுத்தடுத்துத் தவறியது உண்டா? வரன் தட்டிப்போகும் என்று இதை மறைக்கிறார்கள். பவுன் கணக்கை வெட்கமில்லாமல் பேசுகிறவர்களுக்கு இதைப் பேச மட்டும் கூச்சம்!

உறவில் ஏற்கெனவே மணந்தவர்கள், குடும்பத்தில் இத்தகைய குறை இருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே டாக்டரிடம் போய் மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். குழந்தையின் காதைப் பரிசோதிக்க ஆக்குளத்தில் தேசிய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. கைக்குழந்தையையும் அங்கே பரிசோதிப்பார்கள். இரண்டு வயது வரை பேச்சு வருகிறதா பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.