எடைக்கல்லாகலாமா இந்தியா?

முதலாளித்துவத்தின் கீழ் நாடுகள் ஒரே சீராக வளர்வதில்லை. இந்தச் சமனற்ற வளர்ச்சியே வல்லரசுகள் தமக்குள் செய்துகொண்ட உலகப் பங்கீட்டைக் குலைக்கிறது என்று 1916இல் லெனின் விளக்கினார்.

அன்று அவர் கண்முன் நின்ற சான்று ஜெர்மனி. 1871இல்தான் அது ஒன்றுபட்ட நாடாயிற்று. 1913இல் அதன் எஃகு உற்பத்தி பிரிட்டனைப் போல் இரு மடங்கைத் தாண்டியிருந்தது. ஆனால் காலனிகள் முன்பே பங்கிடப்பட்டுவிட்டன. விளைவு, பழைய பகைகள் இடம் மாறின. 1898இல் ஃபஷோடாவில் போரின் விளிம்புவரை சென்ற பிரிட்டனும் பிரான்சும் 1904இல் கைகுலுக்கின. ஆசியாவில் கீரியும் பாம்புமாக இருந்த பிரிட்டனும் ஜார் ரஷ்யாவும் 1907இல் உடன்பாடு கண்டன. அவற்றை நெருங்க வைத்தது நல்லெண்ணம் அன்று, ஜெர்மனி பற்றிய அச்சம். அந்தக் கணக்குகளுக்கு விலை கொடுத்தவர்கள், 1914 முதல் பதுங்கு குழிகளில் மடிந்த உழைப்பாளிகள்.

இன்று தராசை அசைப்பது சீனாவின் வளர்ச்சி. அதற்கு எதிரெடையாக அமெரிக்கா தேர்ந்தெடுத்த நாடு இந்தியா. 2016, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று ராணுவ ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 2017இல் நாற்கரக் கூட்டணி உயிர்ப்பிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் உலக அரங்கில் இந்தியாவின் உயர்வு என்று மோடி அரசு கொண்டாடியது.

அந்த உயர்வின் மதிப்பு 2025 ஆகஸ்ட் 27 அன்று தெரிந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக விதிக்கப்பட்ட கூடுதல் வரியுடன், இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாயிற்று. அதே எண்ணெயை இந்தியாவைவிட அதிகமாக வாங்கிய சீனாவுக்கு அந்தத் தண்டனை இல்லை. அருமண் தனிமங்களைத் தன் பிடியில் வைத்திருக்கும் சீனாவிடம் அமெரிக்கா பேரத்துக்கு இறங்கியது. கூட்டாளிக்கு அடி, போட்டியாளருக்குப் பேச்சுவார்த்தை!

அடி வாங்கியது தில்லியின் ஆட்சியாளர்கள் அல்லர். திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்கள், சூரத் வைரப் பட்டறைத் தொழிலாளர்கள், ஆந்திர இறால் பண்ணையாளர்கள் ஆகியோரின் வாழ்வாதாரமே ஆட்டங்கண்டது.

வளரும் நாடு உலகத் தராசை அசைக்கத்தான் செய்யும். ஆனால் எடைக்கல்லுக்குத் தராசின் மீது உரிமை கிடையாது. நிறுத்து முடிந்ததும் வணிகர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். ராணுவ ஒப்பந்தங்களிலிருந்து விலகி, சுயேச்சையான அயல்துறைக் கொள்கையை மீட்பது ஒன்றே மாற்று. அக்கோரிக்கை வெளியுறவு அமைச்சகத்தின் அறைகளுக்குள் பிறக்காது. தொழிற்சங்க வாயிற்கூட்டங்களிலும் விவசாயிகளின் போராட்டக் களங்களிலும் அதை எழுப்ப வேண்டியது இடதுசாரிகளின் கடமை.