சின்ன விரல்களுக்குப் பொங்கல் வேலை



இந்தப் பொங்கல் இதழின் நடுப்பக்கங்களைப் பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதற்கென்றே விட்டிருக்கிறோம். ஒரு பொங்கல் பானை, ஒரு கரும்புக் கட்டு, கொம்பு நீண்ட ஒரு காளை, ஒரு புள்ளிக் கோலம். கோடுகள் ஏன் இவ்வளவு தடிமன், காளையின் உடம்பில் ஏன் ஒரு நுணுக்கமும் இல்லை என்று சிலர் கேட்கக்கூடும். ஓவியரிடம் கேட்டுத்தான் அப்படி வரைய வைத்தோம். அவை மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் கைக்கான படங்கள்.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தில் இருப்பது குருத்தெலும்புதான். அது ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகி முடிவதற்குள் பிள்ளை தொடக்கப் பள்ளியையே கடந்துவிடும். ஒன்றரை வயதில் கிரேயானை முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு, தோளிலிருந்து முழுக் கையையும் வீசிக் கிறுக்கும். பிறகு அந்த அசைவு மெல்ல முழங்கைக்கு இறங்கும், அப்புறம் மணிக்கட்டுக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து பென்சிலைப் பிடித்து, விரல்கள் மட்டும் அசைந்து எழுதும் நிலை வர ஐந்து, ஆறு வயது ஆகிவிடும். இதற்கு முன்பே எல்.கே.ஜி. பிள்ளையிடம் கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, லீவு முடிவதற்குள் பக்கம் பக்கமாக எழுதி வரச் சொல்கிறோம். ‘கை வலிக்குதும்மா’ என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். அது சாக்கு இல்லை.

எழுத்துக்கு முன் கையைத் தயார் செய்ய வேண்டும் என்பதில் மரியா மாண்டிசோரி உறுதியாக இருந்தார். 1907-ல் ரோம் நகரில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தின் வழிமுறையில், பிள்ளைகள் உலோகச் சட்டங்களைத் தாளில் வைத்து ஓரத்தை வரைந்து, உள்ளே வண்ணப் பென்சிலால் கோடு கோடாக நிரப்புவார்கள். அது எழுத்துக்கான பயிற்சி, ஆனால் அதில் ஒரு எழுத்துகூட இருக்காது. 1939-ல் தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் அவர் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார்.

உலோகச் சட்டம் எல்லா வீட்டிலும் இருக்காது. வாசல் இருக்கிறது, கோலப்பொடி இருக்கிறது. கோலம் போடும் பாட்டியின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொடியைப் பிடித்திருக்க, அது அளவாக நழுவி இறங்குகிறது. நாளை பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். அதனால் இந்த லீவில் கோலத்தின் கோட்டைப் பெரியவர்கள் போட்டுவிட்டு, உள்ளே வண்ணம் நிரப்பும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். மூன்று வயதுக்காரர்களுக்குப் புள்ளி வைக்கும் வேலையே போதும். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை எட்டி நீட்டி வைக்கும்போது தோளுக்கும் வேலை கிடைக்கிறது. தோள் உறுதிப்பட்டால்தான் விரல் நிதானப்படும்.

கையை வாயில் வைக்கும் வயதென்றால் கடையில் வாங்கும் கலர்ப் பொடி வேண்டாம். அரிசி மாவில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கலந்தால் ஒரு நிறம்; பீட்ரூட் சாற்றைப் பிசிறி நிழலில் உலர்த்தினால் இன்னொன்று; முருங்கைக் கீரைப் பொடி கலந்தால் பச்சை. போகி அன்றே செய்து வைத்துவிடலாம். மாவைப் பிசிறுவதையும் பிள்ளையே செய்யட்டும்.

சின்ன மண்சட்டி ஒன்றையும் தடித்த பிரஷ்ஷையும் கொடுத்தால் காலை நேரம் போவதே தெரியாது. உருண்டையான சட்டியை ஒரு கை பிடித்துத் திருப்ப, மறு கை பூசும். இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்யும் இந்தப் பழக்கம் தட்டையான தாளில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிப்பது பெரியவர்கள் வேலை. பிள்ளைகளுக்கு நம் நடுப்பக்கக் காளை இருக்கிறது. அதைச் சுவரில், பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டிவிடுங்கள். நின்றுகொண்டு தீட்டும்போது மணிக்கட்டு பின்னால் வளைந்து, விரல்கள் தாமாகவே சரியான பிடிக்கு வரும்.

கிரேயான் உடைந்தால் தூக்கிப் போடாதீர்கள். துண்டுக் கிரேயான் முஷ்டிக்குள் நிற்காது, மூன்று விரலால் பிடித்தே ஆக வேண்டும். ஸ்கெட்ச் பேனா தொட்டவுடன் வண்ணம் தந்துவிடும். கிரேயானை அழுத்தினால்தான் நிறம் வரும், அந்த அழுத்தத்தில்தான் விரலுக்குப் பலம். போனில் தட்டினால் படம் முழுக்க நிறம் பரவும் விளையாட்டில் இது எதுவுமே இல்லை.

பிள்ளை இடக்கையால் எடுத்தால் தயவுசெய்து மாற்றாதீர்கள். கோலப்பொடியானாலும் சரி, வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தாலும் சரி. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஐந்து வயது தாண்டியும் முஷ்டிப் பிடி மாறாமல், கை சீக்கிரமே சோர்ந்துபோனால் குழந்தைநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். மற்றபடி, வண்ணம் கோட்டைத் தாண்டுவது அந்த வயதின் இயல்பு. காளை நீலமாக இருந்தால் இருக்கட்டும்.

தீட்டிய படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்காக இடம் வைத்திருக்கிறோம். பின்புறம் பெயரும் வயதும் போதும். நீங்கள் திருத்த வேண்டாம், ஓரத்தைச் சரிசெய்யவும் வேண்டாம். பக்கத்தை வெட்டி எடுப்பதைக்கூட, முனை மழுங்கிய கத்தரிக்கோலைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையிடமே விடுங்கள்.

இனிய பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்