பிடி பிளாஸ்டிக் என்றால் கத்தி மட்டமா?

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: "பிளாஸ்டிக் பிடி வேண்டாம். மரமோ கொம்போ பித்தளையோ பார்த்து வாங்குங்க." கடைக்காரர் சொல்கிறார், கத்தி சேகரிப்பவரும் சொல்கிறார். வாங்குகிறவரும் கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்ல கத்தி என்று முடிவு கட்டுகிறார். இந்த அறிவுரையில் பாதி, ஒரு காலத்தில் நியாயமாக இருந்த அனுபவம். மீதி வெறும் அந்தஸ்து. கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கென்றால் எனக்கு வாதமே இல்லை. பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் குச்சி சீவவும் கத்தி தேடுகிறவரை இது தவறான கத்தியிடம் கொண்டுபோய் விடுகிறது.

"பிளாஸ்டிக் உடைந்துவிடும்" என்கிறார்கள். எந்தப் பிளாஸ்டிக்? தரமான கத்திகளில் வருவது வாளியும் டப்பாவும் செய்கிற பிளாஸ்டிக் அல்ல. கண்ணாடி இழை கலந்த நைலான். வெறும் நைலான் வளையும். பொடிப்பொடியாக நறுக்கிய கண்ணாடி இழை சேர்ந்ததும் அதன் விறைப்பு சில மடங்கு கூடிவிடுகிறது. இன்றைய கார்களில் எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்த் தொகுதியைக்கூட இதே பொருளில்தான் வார்க்கிறார்கள். அத்தனை சூட்டையும் அதிர்வையும் அது தாங்குகிறது. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1990இல் டெலிகா, எண்டுரா என்ற இரு கத்திகளை இந்தப் பிடியோடு இறக்கியது. முப்பது ஆண்டு கடந்தும் அவை விற்பனையில் இருக்கின்றன. தொடக்கத்தில் அவற்றில் ஒரு குறை இருந்தது. சட்டைப் பையில் மாட்டும் கிளிப்பையும் பிடியோடு ஒன்றாகவே வார்த்திருந்தார்கள்; மெலிந்த அந்த நாக்கு உடைந்துபோனது. பிறகு எஃகுக் கிளிப்பைத் திருகி மாட்டினார்கள், உள்ளே எஃகுத் தகடும் வைத்தார்கள். பிடியின் பொருள் மட்டும் மாறவில்லை. குறை வார்ப்பின் வடிவத்தில் இருந்ததே தவிர நைலானில் இல்லை.

கனம்தான் உறுதி என்ற நம்பிக்கைக்கு நீண்ட பதில் தேவையில்லை. மடக்குக் கத்தியின் பலம் அலகு சுழலும் அச்சாணியிலும், அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 1960களில் பிறந்த, பக் நிறுவனத்தின் 110 என்ற மடக்குக் கத்தி, கருங்காலிப் பிடியும் பித்தளைத் தலைப்புமாகச் சுமார் 200 கிராம் எடை. இடுப்பில் தோலுறை இல்லாமல் கொண்டுபோவது சிரமம். அதே நிறுவனம் அதே வடிவத்தை நைலான் பிடியில் செய்தபோது எடை பாதிக்கும் கீழே இறங்கியது. பூட்டு அதே முதுகுப்பூட்டுதான்.

மரத்துக்கு வருவோம். மரப்பிடி உள்ளங்கைக்கு இதமானது, குளிரிலும் சில்லிடாது, வழுக்கி விழுந்தாலும் நசுங்காது. இதையெல்லாம் மறுப்பவன் அல்ல நான். ஆனால் மரம் செத்த பிறகும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய கத்தி, எளிமையில் ஓர் அற்புதம்: ஒரே துண்டு பீச் மரம், அதில் அறுத்த பிளவு, அதற்குள் அலகு. மழையில் நனைந்தாலோ பழச்சாறு உள்ளே இறங்கினாலோ மரம் ஊதி அந்தப் பிளவு அலகைக் கவ்விக்கொள்ளும்; நகத்தால் இழுத்தால் வராது. பிடியின் அடிப்பக்கத்தைக் கட்டையில் தட்டி அலகை வெளியே எடுக்கும் வித்தைக்குச் சவாய்க்காரர்களின் பேராலேயே ஒரு பெயர் இருக்கிறது என்றால், அந்தச் சிக்கல் எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை பீச் மரம் முழுக்கக் காயும்போது வளையத்தின் போக்கில் 11 விழுக்காட்டுக்கு மேல் சுருங்குகிறது. தேக்கு அதில் ஏறக்குறையப் பாதிதான். அசைவு இல்லாத மரம் என்று எதுவும் கிடையாது.

சுவிஸ் ராணுவம் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தியின் கதையைப் பாருங்கள். 1890ஆம் ஆண்டு மாதிரியில் கருமையேற்றிய ஓக் மரப்பிடி. அது விரிசல் விட்டது, சிம்பு கிளம்பியது. 1908 மாதிரியில் இருந்தது வல்கனைஸ்டு ஃபைபர். ரசாயனத்தில் ஊறவைத்த பருத்திக் காகிதத்தை அடுக்கடுக்காக அழுத்திச் செய்த பலகை. 1961இல் அலுமினியம். 2008இல் நைலானும் ரப்பர் போன்ற மென்பொருளும் சேர்ந்த பிடி. மரத்துக்குப் பஞ்சமில்லாத நாடு அது. அந்த ராணுவம் ஒவ்வொரு முறை மாற்றியபோதும் மரத்துக்குத் திரும்பவில்லை.

உலோகப்பிடியின் கதை வேறு. அலுமினியம் இலகு, துருப்பிடிக்காது. ஆனால் வெப்பத்தைத் துருவேறா எஃகைவிடப் பத்து மடங்கு வேகமாகக் கடத்துகிறது. மலைக் குளிரில் அது கையைச் சுடுவதுபோல் உறுத்தும். டைட்டானியக் கலவை இதில் விதிவிலக்கு, துருவேறா எஃகைக் காட்டிலும் குறைவாகவே கடத்தும். மீன் சுத்தம் செய்யும் கையில் வழவழப்பான உலோகம் எதுவாக இருந்தாலும் ஆபத்துதான். நைலானில் முள்முள்ளான பிடிமானத்தை அச்சிலேயே வார்த்துவிடலாம். உலோகத்தில் அதையே செதுக்கக் கூலி ஏறும்.

பிளாஸ்டிக் பிடிக்குக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பேசாமல் இந்த மறுப்பு நேர்மையாகாது. குற்றவாளி செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்த அந்தப் பொருள் 1870களில் பரவியது. ஆமையோடு, முத்துச்சிப்பி, தந்தம் என்று எதைப்போலவும் அதைக் காட்ட முடிந்ததால் பேனாக்கத்திக்காரர்கள் அதன்மேல் விழுந்தார்கள். ஆண்டுகள் போகப் போக அது தானாகச் சிதையும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு கிளம்பும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகி அலகை அரிக்கும். மூடிய பெட்டியில் இருந்தால் பக்கத்துக் கத்திகளையும் சேர்த்து அரிக்கும். மௌனப்பட காலத்துச் சுருள்கள் தீப்பற்றியும் பொடிந்தும் அழிந்ததற்குக் காரணமான அதே பொருள். தாத்தாவின் கத்தியைத் திறந்து பார்த்து, காரணம் புரியாத துருவைக் கண்டவர்கள் பிளாஸ்டிக்கை வெறுத்ததில் நியாயம் உண்டு. அந்தக் கோபத்தை இன்றைய நைலான்மேல் இறக்குவதில்தான் நியாயம் இல்லை. நைலான் இப்படி வாயு விடுவதில்லை. எல்லாரும் அறிந்த சிவப்பு விக்டோரினாக்ஸ் கத்தியின் பிடிகூட செல்லுலாய்டு அல்ல; மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து வரும் வேறொரு பிளாஸ்டிக். அதற்கும் பலவீனம் உண்டு: நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பட்டால் கரையும், கல்தரையில் விழுந்தால் மூலை பெயரும். பெயர்ந்தால் வேறு பிடி வாங்கி அமுக்கி மாட்டிக்கொள்ளலாம்.

விலைதான் தரம் என்று சொல்பவர்கள் விரும்பி வாங்கும் மைகார்ட்டாவும் ஜி-10உம் என்ன? மைகார்ட்டா, துணியையோ காகிதத்தையோ ஃபீனால் பிசினில் தோய்த்து அழுத்தியது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1910களில் மின்காப்புக்காக உருவாக்கியது. ஜி-10, கண்ணாடித் துணியும் எப்பாக்சியும். நம் வீட்டு ரேடியோவுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையின் நெருங்கிய உறவு. இரண்டும் பிளாஸ்டிக்கே. அருமையான பொருள்கள், ஈரத்திலும் பிடிகொடுப்பவை. பலகையிலிருந்து வெட்டிக் குடைந்து இழைக்கும் கூலிதான் அவற்றின் விலையை ஏற்றுகிறது. நைலானை அச்சில் ஊற்றி நொடிகளில் எடுத்துவிடலாம். செய்வது சுலபம் என்பது ஒரு பொருளின் குற்றமாகுமா?

கடைசியாக, "இயற்கைப் பொருள்தான் இயற்கைக்கு நல்லது" என்ற வாதம். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வருத்தம் அதிகம். ஷெஃபீல்டு, சோலிங்கன் பட்டறைகள் நம் கடமான் கொம்பை விரும்பி வாங்கின. நடுவில் சோறு குறைவு, சுவர் தடிமன், அதனால் பிடிக்கு உகந்தது. மான் தானே உதிர்த்த கொம்பு என்றுதான் எப்போதும் சொல்வார்கள். துண்டாக அறுத்த பிறகு, உதிர்ந்ததா வெட்டியதா என்று பட்டறை மேசையில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. இந்தியாவில் அந்த வணிகத்தையே தடை செய்ய வேண்டி வந்தது. ஆப்பிரிக்க யானையின் தந்தத்துக்கு 1989இல் உலக அளவில் வணிகத் தடை முடிவானது. ஈட்டி மரத்தை உள்ளடக்கிய ரோஸ்வுட் பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நைலான் மக்காது என்பது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பிடியில் இருப்பது சில பத்துக் கிராம். இருபது முப்பது ஆண்டு உழைக்கும். மரம்தான் வேண்டும் என்றால் தோட்டத்தில் வளர்த்த தேக்கோ பலாவோ கேட்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுங்கள், ஈரத்தோடு மடக்காதீர்கள். கொம்புப் பிடியை யாராவது நீட்டினால் அது எந்த விலங்கினுடையது என்று கேளுங்கள். எருமைக் கொம்பு என்றால் சரி, மான் என்றால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.