ஏழரை ஆண்டுக்குப் பிறகு சிக்கிய ஏஎன்-32: ஆழ்கடலில் எந்த வாகனத்தை இறக்குவது?

2016 ஜூலை 22. தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வங்கக்கடலுக்கு மேலே மாயமானது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் எவ்வளவோ தேடியும் ஒண்ணும் கிடைக்கலை.

2024 ஜனவரியில்தான் தடயம் கிடைத்தது. சென்னைக் கடற்கரையில் இருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் விமான பாகங்கள். படம் எடுத்தது பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி வாகனம்.

அதை 2016லேயே இறக்கியிருக்கலாமே?

இந்த வாகனம் அந்த நிறுவனத்துக்கு வந்ததே பிறகுதான். இதுக்கு கேபிள் கிடையாது. போட்ட பாதையில் தானாகப் போய், சோனார் ஒலி அலைகளால் கடல் தரையை வரிவரியாகப் படம்பிடிக்கும். விமானம் எங்கே விழுந்தது என்று தெரியாதபோது, பெரிய பரப்பைச் சலிக்க இதுதான் சரி. ஆனால் தண்ணீருக்குள் ரேடியோ அலை போகாது. அதனால் வாகனம் மேலே வந்த பிறகுதான் எடுத்த படங்களை முழுசா பார்க்க முடியும்.

டைட்டனில் மட்டும் நாலே நாளில் எப்படி?

2023 ஜூன் 18-ல் 5 பேருடன் காணாமல் போன டைட்டன் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது தெரியும்: டைட்டானிக் கிடக்கும் இடத்துக்கு. அதனால், கப்பலோடு கேபிளில் கட்டி இயக்கும் ஒடிசியஸ் 6கே ரோபோவை நேராக இறக்கினார்கள். இதில் வீடியோ அப்போதைக்கப்போது வரும், ரோபோ கையும் உண்டு. இறங்கிய அன்றே, ஜூன் 22-ல், டைட்டானிக் முகப்பில் இருந்து சுமார் 500 மீட்டரில் சிதறல்களைக் கண்டுபிடித்தது.

சரி, உயிரோடு இருந்தால் யார் மீட்பது?

இங்கேதான் சிக்கல். மேலே சொன்ன இரண்டிலும் ஆள் ஏற இடமே கிடையாது. அதற்கு இந்தியக் கடற்படையிடம் தனி மீட்பு வாகனம் இருக்கு. மூழ்கிய நீர்மூழ்கியின் அவசர வாயிலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு தடவைக்கு 14 பேரை ஏற்றும். ஆனால் 650 மீட்டர் வரைக்கும்தான்.

2021 ஏப்ரலில் பாலி அருகே இந்தோனேசியாவின் நங்கலா நீர்மூழ்கி மூழ்கியபோது, விசாகப்பட்டினத்தில் இருந்து இந்த வாகனத்தை உடனே அனுப்பினார்கள். போய்ச்சேரும் முன்பே நங்கலா கிடைத்துவிட்டது, 838 மீட்டர் ஆழத்தில், மூன்று துண்டாக. 53 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.